பின்னுக்கு இருக்கிறவைக்குக் கேக்குதோ?

போன வருடம் எங்கட வாசிப்பு வட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 1995 இடப்பெயர்வைப் பற்றி ஒரு சந்திப்பு வைத்தோம். அன்றைக்குப் புத்தகம் ஒன்றும் இல்லை. வாசிக்கிறதுக்குப் பதிலாகக் கேட்பது என்று முடிவு. மண்டபத்தில் முப்பது பேர் வரை இருந்தோம். சூமில் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர்: கொழும்பில், மட்டக்களப்பில், ஹற்றனில், இரண்டு பேர் கனடாவில்.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா யன்னலோரக் கதிரையில் இருந்தா. முதலில் கதைக்க மாட்டன் என்றவ, பிறகு தானாகத் தொடங்கினா. ஒக்ரோபர் 30 இரவு வீட்டைப் பூட்டினது, நாவற்குழிப் பக்கம் போன சனத்துக்குள்ளே மாட்டை அவிழ்த்து விட்டது, கையில் திறப்புக்கோர்வையை வைத்துக்கொண்டே விடியும்வரை நடந்தது. பதினொரு நிமிடம் கதைச்சா. மண்டபத்தில் ஒருத்தரும் அசையவில்லை.

அன்று இரவு எழுதி எடுக்கலாம் என்று ஒலிப்பதிவைத் திறந்தோம். ஃபேன் சுத்துற சத்தம் நல்ல தெளிவு. கதிரை இழுபடுற சத்தம் அதைவிடத் தெளிவு. லப்டொப்புக்குப் பக்கத்தில் இருந்த எங்கட பெடியன் ஒருத்தன் "இப்ப ரீ குடுக்கட்டோ?" என்று இரகசியமாகக் கேட்டதும் ஒரு எழுத்துப் பிசகாமல் பதிந்திருந்தது. அம்மம்மாவின் குரல் கிணத்துக்குள்ளே இருந்து வருவது போல. பதினொரு நிமிடத்தில் ஒரு பந்திகூடத் தேறவில்லை. சூம் சற்றைப் பார்த்தால், "கேக்கேல்ல", "சத்தம் இல்ல", "யாராச்சும் மைக்கக் கிட்ட வைங்க" என்று மூன்று பேர் எழுதி விட்டிருந்தார்கள். நாங்கள் ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து வீட்டுக்குப் போய்த் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டோம். "அண்டைக்குச் சொல்லீற்றன் தானே பிள்ளை. திருப்பித் திருப்பிச் சொல்லுற கதையோ அது?" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பிப் போயிட்டா. அதுக்குப் பிறகு நாங்கள் கேட்கவில்லை.

இந்தப் பக்கத்தில் நாங்கள் வழக்கமாக எழுதுவது புத்தகங்களையும் படங்களையும் பற்றி. இந்த முறை மைக்கைப் பற்றி எழுதுகிறோம். கூட்டம் வைக்கிற எல்லாருக்கும் இது ஒரு பிரச்சினை. ஆனால் ஒருத்தரும் இதைப் பிரச்சினையாக எடுப்பதில்லை. "சவுண்ட்ஸ்காரர் பாத்துக்கொள்ளுவார்" என்பதோடு முடிந்துவிடும்.

"எனக்கு மைக் தேவையில்லை"

எங்கட கூட்டங்களில் அதிகமாகக் கேட்கிற வசனம் இதுதான். ஒருத்தர் எழும்புவார், மைக்கைக் கையால் தள்ளுவார், "எனக்கு மைக் தேவையில்லை, என்ர குரல் காணும். பின்னுக்குக் கேக்குது தானே?" என்று கேட்பார். பின்னுக்கு இருக்கிறவர்கள் தலையாட்டுவார்கள். கேட்காதவர்களும் சேர்ந்துதான் ஆட்டுவார்கள், ஏனென்றால் என்ன கேட்டார் என்றே அவர்களுக்கு விளங்கியிராது.

காது கொஞ்சம் மந்தமானவர்கள் சபையில் கையை உயர்த்தி "எனக்குக் கேக்கேல்ல" என்று சொல்வது லேசான காரியம் இல்லை. வயசு போன ஆக்கள் மட்டும் இல்லை, குண்டும் செல்லும் கிட்ட விழுந்து காது பாதிக்கப்பட்டவர்கள் எங்கட ஊர்களில் எத்தனை பேர். அவர்கள் முன்னுக்கு இருக்கிறவரின் முகத்தைப் பார்த்து, மற்றவர்கள் சிரிக்கும்போது தாங்களும் சிரித்து, கூட்டம் முடிய எழும்பிப் போகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு வருவதில்லை. "ஏன் ஐயா வரேல்ல?" என்று கேட்டால் "கால் நோ தம்பி" என்பார்கள்.

பெரிய குரல் உள்ளவருக்கு மைக் வேண்டாம் என்று விட்டால், அவருக்குப் பிறகு எழும்பிற சின்னக் குரல்காரிக்கும் அதுதான் வழக்கம் ஆகிவிடும். அவர் கேட்காத மைக்கை நான் கேட்டால் என்ன நினைப்பினம் என்று அந்தப் பிள்ளை மெதுவாகக் கதைத்து, "சத்தமாச் சொல்லுங்கோ!" என்று இரண்டு தரம் கத்து வாங்கி, சொல்ல வந்ததில் பாதியோடு இருந்துவிடும். நாங்கள் இதை எத்தனை தரம் பார்த்துவிட்டோம். அதனால் எங்கட நிலைப்பாடு எளியது: அறையில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் இருந்தால், அல்லது ஒருத்தராவது ஒன்லைனில் இருந்தால், கதைக்கிற எல்லாரும் மைக்கில்தான் கதைக்க வேணும். பேராசிரியர் என்றாலும் சரி, மேடை நாடகம் போட்டுத் தொண்டை பழகினவர் என்றாலும் சரி.

தூரம்தான் எல்லாம்

எங்கட ஒலிப்பதிவு ஏன் கெட்டது என்று பிறகு தேடிப் படித்தோம். லப்டொப்பின் மைக் மோசம் என்றுதான் முதலில் நினைத்தோம். உண்மையில் மைக்கின் தரத்தைவிடத் தூரம்தான் எங்களைக் கவிழ்த்தது.

கணக்கு இதுதான். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், வாயில் இருந்து நேரே வருகிற சத்தம் 6 டெசிபெல் குறையும். 15 சென்ரிமீற்றரில் வைத்த மைக்கை 30க்கு, 60க்கு, 1.2 மீற்றருக்கு, 2.4 மீற்றருக்கு என்று தள்ளிக்கொண்டு போனால் நாலு தரம் இரட்டித்திருக்கும். 24 டெசிபெல் போய்விடும். ஃபேன் சத்தமோ அறை முழுக்க ஒரே மாதிரி நிரம்பி நிற்கிறது. மைக் எங்கே நின்றாலும் அது குறையாது. பிறகு வொல்யூமைக் கூட்டினால் குரலோடு சேர்த்து ஃபேனும் கூடும்.

இதோடு எதிரொலி. எங்கட மண்டபங்கள் எப்படிப்பட்டவை என்று தெரியும்தானே: சீமெந்துச் சுவர், ரைல்ஸ் நிலம், மேலே சீற். சத்தத்தை உறிஞ்ச ஒன்றுமே இல்லை. ஒரு சொல்லின் வால் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதில் இடிபடுகிறது. உயிரெழுத்தில் சத்தம் இருக்கிறது, மெய்யெழுத்தில்தான் விளக்கம் இருக்கிறது. ஆ, ஓ எல்லாம் பெலமாகப் போய்ச் சேரும். ச, த, ப, க போன்றவை மெலிந்த, உச்சமான சத்தங்கள், அவைதான் முதலில் கரையும். "சத்தம் வருது, ஆனா என்ன சொல்லுறார் எண்டு விளங்கேல்ல" என்று பின்னுக்கு இருந்து சொல்வது இதைத்தான்.

திருவிழாவுக்குப் பாட்டுப் போடுகிற செற்றைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து வைக்கும்போதும் இதே கதை. பாட்டுக்கு ஏற்ற மாதிரி பேஸ் தூக்கி வைத்திருப்பார்கள். நெஞ்சு அதிரும், சொல் விளங்காது. சவுண்ட்ஸ்கார அண்ணையிடம் "அண்ணை, இண்டைக்குப் பாட்டில்ல, பேச்சு மட்டும்தான். பேஸைக் குறைச்சு விடுங்கோ" என்று கேட்டால் உடனே செய்து தருவார். கேட்பதற்குத்தான் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. மிக்சரில் லோ கட் என்றொரு பொத்தான் இருந்தால் அதையும் அமத்தச் சொல்லுங்கோ. 80, 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வருகிற ஃபேன் உறுமலும், மேசையில் கைபடுகிற சத்தமும் பெரும்பாலும் போய்விடும். பேச்சுக்கு ஒரு நட்டமும் இல்லை.

காசில்லாமல் செய்யக்கூடிய வேலைகள் இன்னும் இருக்கின்றன. கதைக்கிறவருக்கு நேர் மேலே உள்ள ஃபேனை மட்டும் நிற்பாட்டலாம். சுவரோரம் திரைச்சீலை, பாய், என்ன இருக்கோ அதைத் தொங்கவிடலாம். ஆக்களை மண்டபம் முழுக்கப் பரவி இருக்க விடாமல் கிட்ட வந்து இருக்கச் சொல்லலாம். ஐம்பது கதிரையில் பதினைந்து பேர் சிதறி இருப்பதை எந்த மைக்காலும் திருத்த முடியாது.

எந்த அறைக்கு எது

ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பேர், ஒன்லைனில் சிலர் என்றால், மேசை நடுவில் வைக்கிற ஸ்பீக்கர்போன் ஒன்று காணும். மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், தன் ஸ்பீக்கரில் இருந்து வருகிற சத்தம் எது என்று அதற்குத் தெரியும். அதைக் கழித்துவிட்டு அனுப்பும். அதனால் அங்காலே இருப்பவர்களுக்குத் தங்கட குரலே திரும்பக் கேட்காது. ஆனால் இது மேசைக்குரிய சாமான். இரண்டு மீற்றருக்கு அங்கால் இருக்கிறவரை இதை நம்பிக் கதைக்க விடாதையுங்கோ.

முன்னுக்கு நாலு பேர் இருந்து கதைக்கிற அமர்வுக்கு, மேசையில் நிற்கிற, வளைத்துத் திருப்பக்கூடிய கூஸ்நெக் மைக்குகள் நல்லது. கழுத்து நீளம் என்பதால் வாய்க்குக் கிட்ட வரும், கையும் சும்மா இருக்கும். இவை அநேகமாகக் கன்டென்சர் வகை. மிக்சரில் இருந்து 48 வோல்ற் பாண்டம் பவர் போகாவிட்டால் வேலை செய்யாது. வாங்கின மைக் பழுது என்று திருப்பிக் கொண்டுபோக முதல் அந்தப் பொத்தானைப் பார்க்கவும். இரண்டு மைக்குகளுக்கு இடையிலான தூரம், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேணும். இல்லையென்றால் ஒரே குரல் இரண்டிலும் விழுந்து ஓட்டைப் பானைக்குள்ளே கதைப்பது போல வரும்.

நாலு மைக்கையும் ஒரே நேரத்தில் திறந்து வைப்பதுதான் அடுத்த பிழை. திறந்திருக்கிற மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கிற ஒவ்வொரு முறையும் 3 டெசிபெல் அளவுக்கு ஊளைக்குக் கிட்டப் போகிறோம். கதைக்கிறவரின் மைக்கை மட்டும் தூக்கி மற்றதுகளை இறக்கி வைக்க ஒரு ஆள் மிக்சரில் இருக்க வேணும். இதைத் தானாகச் செய்கிற ஓட்டோ மிக்சரை 1970களில் அமெரிக்க ஒலிப்பொறியியலாளர் டான் டூகன் உருவாக்கினார். இப்போது பல டிஜிட்டல் மிக்சர்களிலேயே அந்த வசதி வருகிறது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பேச்சைக் கவனிச்சுக் கேட்கிற ஒரு தங்கச்சியோ தம்பியோ போதும்.

எங்கட மாதிரி வட்டமாக இருந்து கதைக்கிற சந்திப்புகளுக்கு, கையில் பிடிக்கிற டைனமிக் மைக் இரண்டு. 1966இல் வந்த ஷூர் எஸ்.எம். 58 இந்த வகைக்குத்தான் பேர்போனது. அதே பேரில் போலிகளும் நிறைய உலாவுகின்றன, விலை சந்தேகமாக மலிவாக இருந்தால் யோசியுங்கோ. இந்த வகை மைக் கார்டியோயிட். முன்னால் வருவதை நன்றாகக் கேட்கும், பின்னால் வருவதை அவ்வளவாகக் கேளாது. அதனால் ஸ்பீக்கர் எப்போதும் மைக்கின் முதுகுப் பக்கம் இருக்க வேணும். பாட்டுக்காரர்களைப் பார்த்து மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கிற பெடியங்களுக்கு ஒரு செய்தி: பொத்தினால் அந்த முன் பின் வித்தியாசம் கெட்டுவிடும், ஊளையிடத் தொடங்கும். கழுத்தில் பிடியுங்கோ, வாய்க்கு நாலு விரல் தூரத்தில்.

கூரையில் பூட்டுகிற மைக்குகள் இருக்கின்றன. பெரிய கம்பனிகளின் கூட்ட அறைகளில் பார்த்திருப்பீர்கள். கம்பளமும், பொய்க்கூரையும், ஏசியும் உள்ள அறைக்கு அவை சரி. மாரியில் சீற்றில் மழை விழுகிற எங்கட மண்டபத்துக்கு அது மழையைப் பதிவு செய்கிற மெசின்.

ஒரு சதமும் இல்லையென்றால்? போன் இருக்கிறதே. லப்டொப்பில் சூமைப் போட்டு அதன் மைக்கை மியூட் பண்ணுங்கோ, ஸ்பீக்கர் மட்டும் வேலை செய்யட்டும். ஒரு போனில் அதே கூட்டத்துக்குள் போய், சத்தத்தை முழுக்கக் குறைத்து, அந்தப் போனையே மைக்காகக் கைமாற்றிக் கைமாற்றிக் கதையுங்கோ. ஒன்லைனில் இருப்பவர் கதைக்கும்போது போனையும் மியூட் பண்ண வேணும், இல்லாவிட்டால் அவருக்கு அவரின் குரலே திரும்பக் கேட்கும். கொஞ்சம் கரைச்சல்தான். ஆனால் நாங்கள் இப்படித்தான் மூன்று மாதம் சமாளித்தோம்.

தனி ஒருத்தரின் கதையைப் பதிய வேணும் என்றால் ஒரு கொலர் மைக்கைப் போனில் குத்தி, சட்டையிலோ சேலைக் கரையிலோ பூட்டுங்கோ. இந்தச் சின்ன மைக்கின் பின்னால் உள்ள இலெக்ட்ரெட் தொழில்நுட்பத்தை 1962இல் பெல் ஆய்வுகூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ற், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற இரண்டு பேர் உருவாக்கினார்கள். மைக் மலிஞ்சதுக்கு அது ஒரு பெரிய காரணம். அப்படியொரு மைக் அன்றைக்கு அம்மம்மாவின் சேலையில் இருந்திருந்தால் அந்தப் பதினொரு நிமிடமும் இன்றைக்கு எங்களிடம் இருந்திருக்கும். மண்டபத்துக்கு அடித்த பனரின் காசில் அதை வாங்கியிருக்கலாம்.

இதைச் சொல்லத்தான் வேணும். பனருக்குக் காசிருக்கிறது. பொன்னாடைக்கு, மாலைக்கு, நினைவுச் சின்னத்துக்குக் காசிருக்கிறது. சபைக்கு இரண்டாவது மைக் கேட்டால் "பட்ஜெட் இல்ல" என்கிறோம்.

மைக் ஆரிட்ட நிக்குது?

மைக் வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரே ஒரு மைக் உள்ள கூட்டத்தில் அது மேடையில்தான் நிற்கும். தலைமையுரை, வரவேற்புரை, ஆசியுரை, வெளியீட்டுரை, ஆய்வுரை எல்லாம் முடிந்து, மூன்று மணித்தியாலம் கழித்து, "நேரம் காணாது, ஒரு கேள்வி மட்டும்" என்று சபைக்கு வரும். அதையும் முன்வரிசையில் உள்ள ஒருத்தர் வாங்கி இன்னொரு உரை நிகழ்த்துவார். அதனால்தான் இரண்டாவது மைக்கை நாங்கள் இவ்வளவு வற்புறுத்துகிறோம். அது மேடைக்கு ஏறக் கூடாது. கடைசி வரிசையில் தொடங்கி முன்னுக்கு வர வேணும், அதைக் கொண்டு நடக்க ஒரு ஆள் வேணும்.

ஒன்லைனில் இருப்பவர்களும் சபைதான். ஹற்றனில் இருந்து சேர்கிற எங்கட தோழி ஒருத்தி ஒரு நாள் எழுதினாள்: "நீங்க எல்லாரும் சிரிக்கிறது மட்டும் நல்லா கேக்குது. ஏன் சிரிக்கிறீங்கன்னுதான் தெரியல்ல." அவளுக்கு யாழ்ப்பாணம் வந்து போவதென்றால் இரண்டு நாள் போய்விடும். "வடக்கு, கிழக்கு, மலையகம் எல்லாம் சேர்ந்த உரையாடல்" என்று போஸ்டரில் போட்டுவிட்டு, மலையகத்தில் இருந்து வந்தவளுக்கு எங்கட சிரிப்பை மட்டும் அனுப்பியிருக்கிறோம். இப்போது சற்றைப் பார்க்க என்றே ஒரு ஆளை விட்டிருக்கிறோம். "கேக்கேல்ல" என்று வந்தால் அவர் கையைத் தூக்குவார், யார் கதைத்துக்கொண்டிருந்தாலும் நிறுத்த வேண்டும்.

எங்களுக்குள்ளேயே இதற்கு மறுப்பு இருந்தது. மைக் வந்தால் சந்திப்பு "கூட்டம்" ஆகிவிடும், ஆக்கள் கதைக்கிறதை விட்டிட்டு உரையாற்றத் தொடங்குவினம், கூச்சம் உள்ளவர்கள் வாயே திறக்க மாட்டினம் என்று சிலர் சொன்னார்கள். அதில் உண்மை இருக்கிறது. மைக்கைக் கண்டதும் "அவையோர் அனைவருக்கும்" என்று தொடங்குகிற வருத்தம் எங்களில் பலருக்கு உண்டு. ஏழு பேர் இருந்து கதைக்கிற மாலைக்கு மைக் வேண்டாம், சும்மா கதைப்போம். ஆனால் கூச்சத்துக்கு மருந்து மைக்கை எடுத்துவிடுவது இல்லை. கையில் பிடிக்கப் பயந்தால் ஸ்ராண்டில் வைத்துக் கொடுக்கலாம், பக்கத்தில் இருப்பவர் பிடித்துக் கொடுக்கலாம். இப்போது எங்கட வட்டத்தில் மெதுவாகக் கதைக்கிற பிள்ளைகள் மெதுவாகவே கதைக்கிறார்கள், கேட்கிறது. கத்தத் தேவையில்லாத இடத்தில்தான் அவர்கள் நீளமாகக் கதைக்கிறார்கள் என்பதையும் கண்டோம்.

இன்னொரு பயம் இதைவிடப் பெரியது. யார் வந்து இருக்கினம், யார் படம் எடுக்கினம் என்று பார்த்துப் பார்த்துக் கதைத்துப் பழகின ஊர் எங்கட ஊர். நல்ல மைக் என்றால் பக்கத்துக் கதிரையில் குசுகுசுக்கிறதும் பதியும். "மைக் ஓவ்" என்று நினைத்துச் சொன்னது ஒன்லைனில் போன கதைகள் எல்லாருக்கும் தெரியும். ஆகவே நாங்கள் வைத்திருக்கிற விதி: ஒலிப்பதிவு இருந்தால் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். பதிவது எந்த மைக், எந்தப் போன் என்று காட்ட வேண்டும். ஒருத்தர் "இதைப் பதியாதையுங்கோ" என்றால் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும். அவருக்குக் கேட்கிற மைக் தொடரும், பதிகிற பொத்தான் மட்டும் நிற்கும். இரண்டும் வேறு வேறு என்று எல்லாருக்கும் விளங்கினால்தான் ஆக்கள் நம்பிக் கதைப்பார்கள்.

அம்மம்மா இப்போதும் வருகிறா. யன்னலோரக் கதிரைதான். கடந்த சந்திப்பில் மைக் அவவைத் தாண்டிப் போகும்போது கையை நீட்டி வாங்கினா. கதை சொல்லப் போறா என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். "பின்னுக்கு இருக்கிற பிள்ளையளுக்கு ரீ வந்ததோ?" என்று கேட்டுவிட்டு மைக்கைத் திருப்பித் தந்தா. கனடாவில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்களுக்கும் கேட்டது.

அடுத்த சந்திப்பு வழக்கம் போல மாதத்தின் கடைசி ஞாயிறு. அரை மணித்தியாலம் முந்தி வந்தால் நல்லம். ஒருத்தர் முன்னுக்கு நின்று கதைக்க, ஒருத்தர் கடைசிக் கதிரையில் இருந்து கேட்க வேணும். ஹலோ, வண், டூ, த்ரீ சொல்லிப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை, அது எல்லாருக்கும் மனப்பாடம். கடைசிக் கதிரையில் இருப்பவருக்குத் தெரியாத ஒரு பந்தியை வாசியுங்கோ. அவர் அதைத் திருப்பிச் சொன்னால் மைக் சரி.